மேசைமேல் கிடந்த பெல்ட்

போலீஸ் லைனில் குடியிருந்தவர்களுக்கு ஒரு சத்தம் தெரியும். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிற போலீஸ்காரர் முதலில் கழற்றுவது பெல்ட்டைத்தான். அதை ஆணியில் மாட்டும்போது முன்பக்கத்துப் பித்தளை வில்லை சுவரில் இடித்து 'டங்' என்று ஒலிக்கும். எங்கள் லைனில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இந்த வீட்டில் அடித்த ஆணியில் அந்த வீட்டிலும் சட்டை மாட்டலாம் என்று வேடிக்கையாகச் சொல்வோம். அந்தச் சத்தத்தை வைத்தே பெண்கள் அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வார்கள். மெதுவாக ஒரு தடவை இடித்தால் நாள் பரவாயில்லை, கடைக்குப் போகச் சொல்லலாம். கட்டிலில் எறிகிற சத்தம் கேட்டால் பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தரையில் விழுந்தால் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டிலும் தரையில் விழுந்திருந்தால் பிள்ளைகள் எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போவார்கள். சில நாட்களில் மரத்தடியில் நல்ல கூட்டம் இருக்கும்.

நான் சொல்லப்போவது, பக்கத்து வீட்டு ஆணியில் பெல்ட் மாட்டப்படாத சில நாட்களைப் பற்றி.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில் நான் கான்ஸ்டபிளாக இருந்தேன். இன்று தொழிற்சாலைகளும் புகைபோக்கிகளும் நிற்கிற இடத்தில் அப்போது சவுக்குத் தோப்புகளும் வேலிக்காத்தானும்தான். நடந்தது அறுபதுகளின் கடைசியிலா எழுபதுகளின் தொடக்கத்திலா என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் எழுதமாட்டேன். ஆண்டைச் சொன்னால், அப்போது அங்கே எஸ்.ஐ. யார் என்று விரல் விட்டுச் சொல்லிவிட இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். கிழமையும் திதியும் சொல்வதால் யாருக்கும் கெடுதல் இல்லை. திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவன் நான். காலையில் பஞ்சாங்கம் பார்க்காமல் பல் தேய்க்காத வீடு. போலீஸ் வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சரித்திரப் புத்தகம் படித்தாலும், அந்தச் சண்டை நடந்தது வளர்பிறையிலா தேய்பிறையிலா என்று யோசிக்கிற மனம் எனக்கு.

பெயர் எழுதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்களுக்குள் பெயர் அதிகம் புழங்கவே இல்லை. வில்லையில் எந்த எண் பொறித்திருக்கிறதோ அதுதான் ஆள். ரோல்காலில் எண்ணைத்தான் படிப்பார்கள். எண்ணைச் சொல்லித்தான் திட்டுவார்கள். லைனில் பெண்கள்கூட, "மூணு பதினாலு ஊட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொள்வார்கள். என் பக்கத்து வீட்டுக்காரன் 314.

314 பித்தளை தேய்ப்பதில் ஸ்டேஷனுக்கே முதல் ஆள். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, பழைய கம்பளித் துண்டால் மெருகேற்றுவான். அவன் வில்லையில் முகம் பார்த்து ஏட்டு மீசை வாரிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கடற்காற்று அடிக்கிற ஊர் அது. பித்தளையை ஒரு நாள் விட்டால் மங்கும், இரண்டு நாள் விட்டால் பச்சை பூக்கும். அவன் விட்டதில்லை. எஸ்.ஐ.யும் அதே பைத்தியம். அவர் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஏட்டாகி எஸ்.ஐ.யாக வந்தவர். எதிரே வருகிற ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் இடுப்பைப் பார்ப்பார். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கும் 314க்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை இருந்தது. வெளியே காட்டிக்கொண்டதில்லை.

அந்த ஆண்டு தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. தை அமாவாசை என்றால் திருவள்ளூர்ப் பெருமாள் கோயிலுக்குச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். பந்தோபஸ்துக்குச் சுற்றிலும் உள்ள ஸ்டேஷன்களிலிருந்து ஆட்களை அனுப்புவார்கள். குளக்கரைப் படியில் நிற்கிற போலீஸ்காரனின் காலில் சுற்றிய பட்டி வெல்லத் தண்ணீரில் ஊறி, மத்தியானத்துக்குள் விறைத்துவிடும். பிறகு எறும்பு ஏறும். கூட்டத்தைவிட எறும்புதான் எங்களுக்குப் பெரிய பகை. கையால் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டே ஒரு காலால் மறு காலின் எறும்பைத் தேய்க்கிற வித்தையை அங்கேதான் கற்றேன்.

314இன் இரண்டு வயது மகனுக்குத் தலையெல்லாம் சிரங்கு வந்து, களிம்பு போட்டு ஆறியிருந்தது. ஆறினால் திருவள்ளூரில் மொட்டை போட்டு வெல்லம் கரைப்பதாக அவன் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். அமாவாசை பந்தோபஸ்துக்குத் தன் எண்ணையும் போட்டால் அங்கேயே காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்று 314 எஸ்.ஐ.யிடம் கேட்டான். எஸ்.ஐ. தலையாட்டினார். ஆனால் சனிக்கிழமை ஆட்களைப் பிரித்தபோது என் எண் திருவள்ளூருக்கும், 314 எளாவூர் செக்போஸ்ட்டுக்கும் போயின. அப்போது ஆந்திராவிலிருந்து திருட்டு அரிசி லாரிகளில் வந்துகொண்டிருந்தது. எளாவூரில் ஆள் போதவில்லை என்று மேலே இருந்து சத்தம். எஸ்.ஐ. வேண்டுமென்றே மாற்றவில்லை. ஆனால் ஏன் மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்லுகிற பழக்கம் எங்கள் வேலையில் கிடையாது.

ஞாயிறும் திங்களும் செக்போஸ்ட்டில் லாரிப் புழுதியோடு நின்றுவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் 314 ஸ்டேஷனுக்கு வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. ரோல்கால் முடிந்ததும் எஸ்.ஐ.யின் மேசை முன்னால் போய் நின்று, வரும் சனிக்கிழமை ஒரு நாள் லீவு கேட்டான். பிள்ளையின் மொட்டைக்கு என்று சொன்னான்.

எஸ்.ஐ. அன்று எந்த நிலையில் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். டி.எஸ்.பி. அந்த வாரம் இன்ஸ்பெக்ஷனுக்கு வருவதாகச் செய்தி. என்று வருகிறார் என்று சொல்லவில்லை. போன தடவை வந்தபோது ஆட்கள் எதிரிலேயே எஸ்.ஐ.யை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போயிருந்தார். எஸ்.ஐ.க்கு அதற்கப்புறம் வயிற்றெரிச்சல். மேசை டிராயரில் சோடா உப்புப் பொட்டலம் வைத்திருந்தார். காம்பவுண்டில் அசையாமல் இருந்த எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம். கல், மரத்தடி, கொடிக்கம்பத்தின் மேடை. "அசையாம நிக்காத, உனுக்கும் அடிச்சிருவாங்க" என்று ஏட்டு என்னிடம் சொன்னார்.

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"மொட்டையா? சாமிக்கு நேந்துக்கும்போது என்னைக் கேட்டா நேந்துகினே?"

"ஊட்ல நேந்துகினாங்க அய்யா. ஒரே ஒரு நாளு. அமாவாசைக்கே கேட்டேன், அய்யாவும் சரின்னீங்க."

"சரின்னா எழுதிக் குடுத்தேனா? இன்ஸ்பெக்ஷனை வெச்சிகினு லீவு கேக்கற. நாளைக்கு இன்னொருத்தன் காதுகுத்துன்னு வருவான். போலீஸ்காரனுக்கு எதுக்குய்யா புள்ள குட்டி? பெத்துக்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும்."

வெளியே சுண்ணாம்பு அடிக்கிற மட்டையின் சத்தம் ஓய்ந்தது. 314 இரண்டு கையையும் இடுப்புக்குக் கொண்டுபோனான். கொக்கியைக் கழற்றினான். பெல்ட்டை எடுத்து எஸ்.ஐ.யின் மேசைமேல், அவர் முன்னால், எறியாமல் வைத்தான். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, திரும்பி வாசற்படி இறங்கிப் போய்விட்டான்.

வெளி ஆட்களுக்கு இதன் பொருள் தெரியாது. பெல்ட்டைக் கழற்றி அதிகாரியின் மேசைமேல் வைத்தால் வேலையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று எங்கள் வழக்கம். தோற்ற தளபதிகள் வாளை எதிரியின் முன்னால் வைப்பதைப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். இங்கே வைத்தவன் தோற்றவன் இல்லை, அதுதான் சிக்கல். வேறு இடங்களில் அப்படி மேசைக்குப் போன பெல்ட்டுகள் எல்லாம் இடுப்புக்குத் திரும்பியதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். வேலை போனால் லைன் வீடும் போகும். இரண்டு பிள்ளைகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவன் போக ஓர் இடமும் இல்லை.

எஸ்.ஐ. அப்போதே மேலே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பெல்ட்டைப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து டிராயரைத் திறந்து சோடா உப்பை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

அதற்கப்புறம் அந்த பெல்ட் மேசைமேலேயே கிடந்தது. யார் எடுப்பது? வைத்தவன் வந்து எடுத்தால் அவன் எஸ்.ஐ. காலில் விழுந்த மாதிரி. அவர் எடுத்துக் கொடுத்தால் அவர் விழுந்த மாதிரி. நாங்கள் யாராவது எடுத்து ஓரமாக வைக்கலாம் என்றால், பெல்ட்டைத் தொட்டவன் எந்தக் கட்சி என்று கேள்வி வரும். ஆகவே ஸ்டேஷன் வேலையெல்லாம் அதைச் சுற்றியே நடந்தது. டீ கிளாஸை அதற்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். புகார் கொடுக்க வந்த ஒரு கிழவர், அது தன்னை அடிப்பதற்குத்தான் என்று நினைத்து, காணாமல் போன ஆடு கிடைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். பெருக்குகிறவர் மேசையைத் துடைத்தபோது பெல்ட்டின் உருவம் மட்டும் புழுதியில் மிச்சம் இருக்கும்படி வளைத்துத் துடைத்தார்.

314 வீட்டில் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலக் கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை, காலில் பட்டி, தலையில் தொப்பி எல்லாம் சரியாகப் போட்டுக்கொண்டு கிளம்புவான். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கத்து ஆள், பாதி தெலுங்கு. அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். பெல்ட் இல்லாத காக்கிச் சட்டை அவிழ்த்துவிட்ட கோணிப்பை மாதிரி தொங்கும்.

"இன்னா நைனா, இடுப்பு காலியா கீது?" என்று முதல் நாளே கடைக்காரர் கேட்டார்.

"தோலு அறுந்துபோச்சு. தைக்கக் குடுத்துகீறேன்."

"தைக்கறவன் எஸ்.ஐ. மேசையிலயா குந்திகினு தைக்கிறான்? இங்கிருந்தே தெரியுதே."

"டீயைப் போடுய்யா. பேஜாரு பண்ணாத."

புதன்கிழமை ரோல்கால். ஏட்டு எண்களைப் படித்துக்கொண்டு வந்தார். 314இன் இடம் வந்ததும் நிறுத்தினார். படித்தால் 'ஆஜர் இல்லை' என்று எழுத வேண்டும். படிக்காவிட்டால் ஆள் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகும். அவர் இருமினார். நீளமான இருமல். இருமி முடித்துவிட்டு அடுத்த எண்ணைப் படித்தார். எஸ்.ஐ. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமையும் அதே இடத்தில் ஏட்டுக்கு இருமல் வந்தது.

அன்று மாலை ஏட்டு டீக்கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"டேய், உள்ள வந்து எடுத்துக் கட்டிக்கோ. நான் அய்யாவ கக்கூசு பக்கமா கூட்டிகினு போறேன். யாரும் பாக்க மாட்டோம்."

"அவரு எடுத்துக் குடுக்கட்டும், அண்ணாத்தே. கட்டிக்கிறேன்."

"அவரு குடுப்பாராடா?"

"அப்ப அங்கியே கெடக்கட்டும். எதுக்குப் புள்ளன்னு கேட்டாரே. வேற இன்னா கேட்டிருந்தாலும் தாங்கிக்குவேன்."

ஏட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு பொஞ்சாதி புள்ளைங்க பள்ளிப்பட்டுல கீறாங்க. தெரியுமா? தீவாளிக்கும் போகல, பொங்கலுக்கும் போகல. அந்த வார்த்தய உன்னப் பாத்து சொல்லல அவரு. தன்னப் பாத்து சொல்லிக்கினாரு. குறுக்க நீ நின்னுட்ட."

314 எழுந்து போகவில்லை. கடைக்காரர்தான், "அப்ப ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில குந்த வேண்டிய ஆளுங்கதான்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும் என் மனைவி கேட்டாள். "மூணு நாளா பக்கத்தூட்ல ஆணிச் சத்தமே கேக்கல. அந்தக்கா என்னைக் கேக்குது, உங்க ஊட்டுக்காரரும் பெல்ட்ட தைக்கக் குடுத்தாரான்னு. இன்னா விஷயம்?" நான் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டேன். புத்தகம் விரிந்தால் பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். அவளும் விடவில்லை. "அந்தக்காவுக்கும் தெரிஞ்சுகீது. கேக்க பயந்துகினு கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் எனக்குப் பாரா. பாரா என்றால் துப்பாக்கியோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கும் காவல். பாரா நிற்பவன் உள்ளேயும் பார்க்கலாம், தெருவையும் பார்க்கலாம். பேசத்தான் கூடாது. உள்ளே எஸ்.ஐ., டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு டிரங்க்கால் போட்டுவிட்டுக் காத்திருந்தார். இன்ஸ்பெக்ஷன் என்றைக்கு என்று நயமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தார். எக்ஸ்சேஞ்ச் வழியாக வெளியூருக்குப் பேசுகிற அந்தக் காலத்து டிரங்க்கால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டால் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டுக்கொண்டிருக்கும். வைத்துவிட்டால் முறை போய்விடும்.

இடது கையில் ரிசீவர். வலது கைக்கு வேலை இல்லை. அது மேசைமேல் மெல்ல நகர்ந்து பெல்ட்டின் மேல் போய் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் வில்லையைத் தடவியது. தடவிய விரலை அவர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்று நாள் கடற்காற்று. பச்சை பூத்திருக்க வேண்டும். முகத்தைச் சுளித்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வில்லையில் வாயால் ஆவி ஊதி, தேய்க்க ஆரம்பித்தார். முதலில் எண்ணைச் சுற்றி, பிறகு விளிம்பு, பிறகு நடுவில் வட்டம் வட்டமாக. நாங்கள் பயிற்சியில் கற்ற அதே வரிசை. டிராயரைத் திறந்து சோடா உப்பை ஒரு சிட்டிகை எடுத்து, வாயில் போட்டுக்கொள்ளாமல் வில்லைமேல் தூவினார். அவர் கண் எதிர்ச்சுவரில் இருந்தது. கை என்ன செய்கிறது என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம். மங்கின பித்தளையைப் பார்த்துக்கொண்டு ஒரு போலீஸ்காரனால் சும்மா இருக்க முடியாது. வேறு எவனுக்கும் இந்த வியாதி வராது.

டிரங்க்கால் வரவில்லை. டி.எஸ்.பி. வந்தார்.

அவர் அலுவலகத்தில் போனை எடுக்க ஆள் இல்லாததற்குக் காரணம், அவர் எங்கள் தெருமுனையில் ஜீப்பில் இருந்ததுதான். நான் துப்பாக்கியை நிமிர்த்தி, இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன். எஸ்.ஐ. ரிசீவரை வைத்து, தொப்பியைத் தேடி, பட்டனைப் போட்டுக்கொண்டு எழுவதற்குள் டி.எஸ்.பி. உள்ளே வந்துவிட்டார். நேரே மேசைக்குப் போனார்.

"இது யாரோட பெல்ட்?"

"கான்ஸ்டபிள் 314 சார்."

"ஆள் எங்கே?"

எஸ்.ஐ. பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஜீப்பைப் பார்த்த பழக்கத்தில் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தான் 314. தலையில் தொப்பி, காலில் பட்டி, இடுப்பில் ஒன்றுமில்லை. வாசல் வழியே எல்லாருக்கும் தெரிந்தது.

"பெல்ட் இங்கே, ஆள் அங்கே. என்ன விஷயம்?"

 எஸ்.ஐ. உண்மையைச் சொன்னால் 314 வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதைச் சொல்வதுதான் எஸ்.ஐ.க்குச் சௌகரியம்; திமிர் பிடித்த ஆள், கட்டுப்பாட்டுக்கு அடங்கவில்லை என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். ஏட்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"ரோல்கால்ல பார்த்தேன் சார்" என்றார் எஸ்.ஐ. "வில்லை மங்கலா இருந்தது. தண்டனையா வாங்கி வெச்சிருக்கேன் சார்."

மங்கிய வில்லைக்குத் தண்டனை மைதானத்தில் கூடுதல் டிரில். அவ்வளவுதான். எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றது. டி.எஸ்.பி. பெல்ட்டை ஒரு முனையில் பிடித்துத் தூக்கி, வில்லையை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

சுவரில் ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது. பிற்பகல் வெயில் வில்லையில் பட்டு, அறைக்குள் எதிர்ச்சுவரில் ஒரு ரூபாய்க் காசு அளவு பளீரென்று நின்றது. டி.எஸ்.பி. பெல்ட்டை அசைத்தார். வட்டம் சுவர்க்கடிகாரத்தின் மேல் ஏறி, உத்தரத்தில் ஊர்ந்து, ஏட்டின் முகத்தில் இறங்கியது. ஏட்டு கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டார். எஸ்.ஐ. அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். கையில் கைக்குட்டை இன்னும் இருந்தது. நடுவில் கறுப்பும் பச்சையுமாக. அவசரமாகப் பையில் திணித்தார். ஒரு மூலை வெளியே தொங்கியது.

டி.எஸ்.பி. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"மங்கலா இருந்ததா?"

"ஆமா சார்."

"கூப்பிடு அவனை."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. 314 தெருவைத் தாண்டி வந்து வாசலில் சல்யூட் அடித்து நின்றான்.

"உன் வில்லை மங்கலா இருந்ததுன்னு எஸ்.ஐ. சொல்றார். நீ என்ன சொல்றே?"

அந்த ஒரு கேள்வியில் அவனைவிட எங்களுக்குத்தான் பயம். வேறு எந்தக் குற்றத்தையும் அவன் ஒப்புக்கொள்வான். தூங்கினேன் என்பான், தாமதமாக வந்தேன் என்பான். வில்லை மங்கல் என்று அவன் வாழ்நாளில் ஒப்புக்கொண்டதில்லை. அவன் டி.எஸ்.பி.யின் கையிலிருந்த பெல்ட்டைப் பார்த்தான். தான் தேய்க்காமல் மூன்று நாள் கிடந்த வில்லை தங்கம் போல மின்னுவதைப் பார்த்தான். புருவம் சுருங்கியது. பிறகு அவன் பார்வை எஸ்.ஐ.யின் முகத்துக்குப் போய், அங்கிருந்து பையில் தொங்கிய கைக்குட்டை மூலைக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

"மங்கலாத்தான் இருந்தது சார்" என்றான்.

"இப்போ?"

"இப்பவும் கொஞ்சம் மங்கல்தான் சார்."

டி.எஸ்.பி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வில்லையை மறுபடி பார்த்தார். "ஆமா. எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார். பெல்ட்டை அவனிடம் நீட்டினார். "கட்டு. ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா டிரில். இப்பவே."

ஆக, பெல்ட்டை வைத்தவனும் எடுக்கவில்லை, வாங்கியவரும் கொடுக்கவில்லை. கொக்கி மாட்டிய சத்தம் ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது.

இன்ஸ்பெக்ஷன் நடந்தது. டி.எஸ்.பி. அன்று அதிகம் சத்தம் போடவில்லை. சுண்ணாம்பு ஈரம் அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டதற்கு மட்டும் கொஞ்சம் போட்டார். ஜீப்பில் ஏறும்போது எஸ்.ஐ.யைப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் பாரா என்பதால் காதில் விழுந்தது.

"அந்தக் கைக்குட்டையைத் துவைக்கப் போடுய்யா."

வெளியே மைதானத்தில் 314 துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். கூடுதல் டிரில்லை இவ்வளவு உற்சாகமாகச் செய்தவனை நான் பார்த்ததில்லை. டீக்கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்று, "பெல்ட்டு தெச்சு வந்துடுச்சா நைனா?" என்று கத்தினார். ஜீப் போன பிறகு எஸ்.ஐ. மைதானத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "போதும், நில்லு" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"மாசி அமாவாசைக்குத் திருவள்ளூர் பந்தோபஸ்து. உன் நம்பர் போட்டிருக்கேன். குளக்கரைப் படி."

"சரிங்க அய்யா."

"தனியாப் போவாத. ஊட்லயும் கூட்டிகினு போ."

மன்னிப்பு என்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் வேலையில் அதற்குச் சொல் இல்லை. டியூட்டி போடுவதுதான் சொல். அன்று ஏட்டு இருமல் மாத்திரை வாங்கப் போவதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலையில் நான் வீட்டுக்கு வந்து என் பெல்ட்டை மாட்டினேன். சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. என் மனைவி அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். 'டங்' என்று ஒரு சத்தம், ஒரே ஒரு தடவை, மெதுவாக. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக்கா, "தெச்சிட்டாங்களா?" என்று கேட்டதும், "நல்லா தெச்சிட்டாங்க" என்று அவன் சொன்னதும் தெளிவாகக் கேட்டன. அதற்குப் பிறகு கேட்டது சிரிப்பா அழுகையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. என் மனைவி தோசை மாவை ஊற்றினாள். அந்த வாரத்தில் முதல் தடவையாகப் பிள்ளைகள் வேப்பமரத்தடியிலிருந்து கூப்பிடாமலே வீட்டுக்கு வந்தார்கள்.

மாசி அமாவாசை திங்கட்கிழமை. தை அமாவாசை அளவுக்குக் கூட்டம் இல்லை. குளக்கரைப் படியில் நான் ஒரு முனை, 314 மறு முனை. வெயில் ஏறுவதற்குள் பையனுக்கு மொட்டை ஆகி, சந்தனம் பூசி, அந்தக்கா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். வெல்லத்தை அவன் கையிலேயே கொடுத்தார்கள். பாதியைத் தண்ணீரில் போட்டான், பாதியை வாயில் போட்டுக்கொண்டான். அப்பாவைப் பார்த்ததும் தாவி, இரண்டு கையாலும் வில்லையைப் பிடித்துக்கொண்டான். பிடுங்கி எடுப்பதற்குள் ஒரு பாடு ஆகிவிட்டது.

சாயங்காலம் வேனில் திரும்பும்போது பார்த்தேன். 314இன் வில்லையில் எண்ணின் மேலேயே வெல்லம் ஒட்டிய சின்ன விரல் தடங்கள், ஐந்தும் தனித்தனியாக. வேன் குலுக்கலில் அவன் கை அடிக்கடி அங்கே போனது. தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. துடைக்கவில்லை.

"எறும்பு ஏறும்" என்றேன்.

"ஏறட்டும்பா" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு வேனின் தகரத்தில் தலையைச் சாய்த்தான். வேப்பம்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிப்போனான்.